காவல் மரமும் பதினான்காம் விதியும்

ஒரு காட்டில் செங்கொண்டை என்று ஒரு மரங்கொத்தி இருந்தாள். எந்தக் காடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்தக் காட்டார் என்மேல் மூன்று பிரதியில் மனுப் போடுவார்கள். மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவள் தொழில். அலகால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். 'கரக் கரக்' என்றால் கட்டை வண்டு. 'சர்ர்' என்றால் கரையான். உடனே துளை போட்டு உள்ளே இருப்பதை இழுத்துத் தின்றுவிடுவாள். நோயையே கூலியாகத் தின்னும் வைத்தியர் உலகத்தில் அவள் இனத்தார் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

காட்டின் நடுவில் ஒரு பெரிய இலுப்பை மரம். இரண்டு யானைகள் துதிக்கை கோத்தாலும் அதன் அடிமரத்தை வளைத்துப் பிடிக்க முடியாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். காட்டில் ஏது ஆலை? பங்குனி பிறந்துவிட்டால் கரடியிலிருந்து கட்டெறும்பு வரை எல்லாரும் அந்த மரத்தடியில்தான் கிடப்பார்கள். செங்கொண்டையைப் பொரித்த பொந்து அந்த மரத்தில் இருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே அவள் தன் குஞ்சுகளைப் பொரித்த பொந்து. அந்த மரம் என்றால் அவளுக்கு உயிர். வெளியில் சொல்ல மாட்டாள், காலையில் எழுந்ததும் முதல் தட்டு அதற்குத்தான்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் வடக்கேயிருந்து ஒரு அணில் கூட்டம் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தது. அவர்களுடைய புளியங்காடு போய்விட்டதாம். ஊர் பேர் தெரியாத ஒரு வண்டு எங்கிருந்தோ வந்து, ஒரே பருவத்தில் அத்தனை மரத்தையும் குடைந்து கூடாக்கிவிட்டதாம்.

"உங்க காட்ல வைத்தியர் இல்லியா?" என்று செங்கொண்டை கேட்டாள்.

"இருந்தாரு," என்றது ஒரு கிழட்டு அணில். "அந்தச் சத்தத்த அவர் அதுக்கு முன்ன கேட்டதே இல்லியாம். இது என்னடா புதுசா இருக்கேன்னு அவர் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள, அவர் உக்காந்திருந்த மரமே விழுந்திடுச்சு."

செங்கொண்டைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஒரு யோசனை வந்தது. நேராகக் கரடியாரிடம் போனாள். கரடியார்தான் காட்டுத் தலைவர். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். போட்டியிட நினைத்த ஒருவரை அவர் அன்போடு கட்டித் தழுவினார் என்றும், அதற்குப் பிறகு யாரும் நினைக்கவில்லை என்றும் சொல்வார்கள்.

"தலைவரே, வெளியூர்ப் பூச்சி இங்க வந்தப்புறம் பாத்துக்கலாம்னா காடு மிஞ்சாது. அதனால நம்ம இலுப்பைக் கன்னு பத்த எடுத்திட்டுப் போய் மஞ்சுமலைக் காட்ல நடலாம். அங்க இருக்கிற எந்தப் பூச்சி அதக் கடிக்குது, எப்படிச் சத்தம் போடுதுன்னு நான் உக்காந்து கேட்டுட்டு வரேன். நாளைக்கு அதே பூச்சி இங்க வந்தா, மொத நாளே சத்தத்த வச்சுப் பிடிச்சிடுவேன்."

கரடியார் தேனடையை வாயிலிருந்து எடுத்தார். "நம்ம பிள்ளைங்கள ஊர்விட்டு ஊர் அனுப்பி அடி வாங்க வைக்கச் சொல்ற."

"அடிக்கிறவன் யாருன்னு தெரியணும்ல தலைவரே."

"அதுக்கு என்ன பேரு?"

"காவல் மரம்."

பெயர் கரடியாருக்குப் பிடித்துவிட்டது. பெயர் பிடித்தால் அவர் திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார். பத்துக் கன்றுகளையும் ஒரு காட்டெருமையின் முதுகில் ஏற்றிக்கொண்டு செங்கொண்டை புறப்பட்டாள். ஏழு மலை தாண்டினால் மஞ்சுமலைக் காடு.

அந்தக் காட்டின் வாசலிலேயே 'அயல்மர அனுமதி அலுவலகம்' இருந்தது. வாசலில் ஆளுக்கொரு இலையைக் கிள்ளி டோக்கனாகக் கொடுத்தார்கள். செங்கொண்டைக்கு முன்னால் நின்ற வரையாடு தன் முறை வரும் நேரத்தில் டோக்கனைத் தின்றுவிட்டு, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனது. பத்து நாளாக அப்படித்தான் நடக்கிறது என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள்.

அலுவலகத்துக்கு எதிரே ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் முள்ளாண்டி. முதுகிலேயே நானூறு பேனா. ஒன்று மழுங்கினால் அடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார். செங்கொண்டை விஷயத்தைச் சொன்னதும் படிவம் ஏழை எடுத்து விரித்தார்.

"மரத்தின் பெயர், இலுப்பை. எண்ணிக்கை, பத்து. அடுத்த கேள்வி, இந்த மரத்தைத் தாக்கக்கூடிய பூச்சிகளின் பட்டியல். சொல்லு தாயி."

"அதத் தெரிஞ்சுக்கத்தான அண்ணே வந்திருக்கேன்!"

"அது எனக்குப் புரியுது. படிவத்துக்குப் புரியாது. எதையாவது எழுது தாயி. வாய்க்கு வந்த நாலு பூச்சி பேரு போதும். இந்த ஆபீஸ்ல பட்டியல்ல பேர் இருக்கிறவனுக்குத்தான் மரியாதை."

"பொய் எப்படி அண்ணே எழுதறது? தெரியாதுன்னு எழுதுங்க."

முள்ளாண்டி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்படி எழுதச் சொன்ன கட்சிக்காரர் யாரையும் அவர் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே அதிகாரியாக இருந்தவர் ஒரு அழுங்கு, எறும்புதின்னி என்பார்களே, அது. உடம்பு முழுக்கச் செதில், மூக்கு நுனியில் கண்ணாடி. படிவத்தை மூன்று முறை படித்தார்.

"அம்மா, 'தெரியாது'ன்னு ஒரு பூச்சி எங்க புத்தகத்தில இல்ல. அதனால 'இல்லை'ன்னு பதிஞ்சுக்கறேன்."

"ஐயா, இல்லைன்னு இல்லைங்க. எதுன்னு தெரியாது."

"அப்ப இருக்கா?"

"இருக்கலாம்."

கேள்வி சிக்கலாகிவிட்டால் அழுங்கு என்ன செய்யுமோ அதை அதிகாரி செய்தார். சுருண்டு பந்தாகிவிட்டார். ஒரு பணியாள் வந்து பந்தின் மேல் 'இடைவேளை' என்ற பலகையை மாட்டிவிட்டுப் போனார். வரிசையில் இருந்தவர்கள் பழக்கப்பட்டவர்கள், அப்படியே உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தார்கள். செங்கொண்டை மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் பந்து மெல்ல விரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க அம்மா," என்றார் அதிகாரி. குரல் தாழ்ந்திருந்தது. "எங்க தாத்தா காலத்தில ஒருத்தர் அழகா இருக்கேன்னு உண்ணிச்செடி நாலு கொண்டு வந்து நட்டாரு. அது காடு பூரா பரவி, இன்னைக்கு எங்க மானுக்கு மேய இடம் இல்ல. வெளியூர் மரம்னாலே எங்களுக்குப் பயம். எங்க விதி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அடிக்கு அப்புறம் எழுதினது."

செங்கொண்டைக்கு அது புரிந்தது. அவளும் அதே பயத்தோடுதானே ஏழு மலை தாண்டி வந்திருந்தாள்.

பூச்சிப் பட்டியலில் 'இல்லை' என்றே பதிந்து அனுமதி கொடுத்தார்கள். கூடவே விதிப் புத்தகமும் வந்தது. அதில் பதினான்காம் விதிதான் பெரியது. அதிகாரியே உரக்க வாசித்தார்: "காவல் மரத்தைப் பட்டியலில் உள்ள பூச்சி மட்டுமே தொடலாம். பட்டியலில் இல்லாத எதுவும், எவரும் தொடக் கூடாது. பட்டியலில் உள்ள பூச்சியைத் தொடவிடாமல் எவரும் தடுக்கவும் கூடாது. தடுத்தால் கவனிக்க முடியாது."

"பட்டியல்ல ஒண்ணுமே இல்லியேங்க ஐயா."

"ஆமா. அதனால ஒண்ணும் தொடக் கூடாது."

பத்துக் கன்றுகளையும் நட்டு, ஈ நுழையாத வலையைச் சுற்றிக் கட்டினார்கள். வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தார்கள். பூவெடுத்தால் கிள்ளினார்கள். ஒரு பருவம் முழுக்கச் செங்கொண்டை வலையின் ஓரத்தில் உட்கார்ந்து காது கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. கன்றுகள் அரசாங்க மாப்பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று வளர்ந்தன. வலைக்கு வெளியே மட்டும் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வண்டு தினமும் வந்து உட்கார்ந்து, உள்ளே பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. செங்கொண்டை அதைப் பற்றி அதிகாரியிடம் சொன்னாள். வலைக்கு வெளியே இருப்பது தங்கள் காட்டுப் பிரஜை என்றும், அதைப் பிடிக்கவோ விசாரிக்கவோ வேறு படிவம் என்றும் அவர் சொன்னார்.

பருவம் முடிந்தது. கன்றுகள் அங்கேயே இருக்க வேண்டும், அதுவும் ஒரு விதி. செங்கொண்டைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'இலுப்பை மரத்துக்கு எப்பூச்சியாலும் ஆபத்தில்லை' என்று செதுக்கி, முத்திரை குத்திய பெரிய பட்டை. கட்டையோடு சேர்த்து வெட்டிய பச்சைப் பட்டை, நல்ல கனம். மஞ்சுமலையில் காய்ந்த பட்டையில் எழுதினால் செல்லாது.

"காய வைக்கக் கூடாது, புகை காட்டக் கூடாது, முக்கியமா கொத்தக் கூடாது," என்றார் அதிகாரி. "முத்திரை சேதமானா மொதல்ல இருந்து வரணும்."

பொரித்து வெளியே வந்த நாளிலிருந்து செங்கொண்டை எந்த மரத்துண்டையும் தட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. விறகைத் தட்டுவாள், வேலிக் குச்சியைத் தட்டுவாள், ஒருமுறை கரடியாரின் கைத்தடியைத் தட்டித் திட்டு வாங்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் அந்தப் பட்டையைக் காட்டெருமையின் முதுகில் வைத்து, மேலேயே உட்கார்ந்துகொண்டு, ஏழு மலையும் ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் வந்தாள். அலகு ஊறியது. முத்திரையைப் பார்த்துப் பார்த்து அடக்கிக்கொண்டாள். படித்தவர்களுக்கே முத்திரையைக் கண்டால் கை கட்டத் தோன்றுகிறது, பாவம் ஒரு மரங்கொத்தி என்ன செய்வாள்?

கரடியார் விழா எடுத்தார். மேளம், தோரணம், இரண்டு மணி நேரப் பேச்சு. சான்றிதழுக்கு மாலை போட்டு, பெரிய இலுப்பையின் அடிமரத்தில் நான்கு முள் அடித்து மாட்டினார். இன்று முதல் இந்த மரமும் காவல் மரமே என்றும், மஞ்சுமலை விதிப் புத்தகம் ஒரு எழுத்து மாறாமல் இங்கேயும் செல்லும் என்றும் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டிக்கொண்டிருந்த செங்கொண்டையின் பக்கம் அவர் கடைசியில் திரும்பினார்.

"உனக்கும் இனிமே ஓய்வு. மரத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லைன்னு எழுத்தில வந்திடுச்சு. பதினாலாம் விதிப்படி நீ இதத் தொடவும் கூடாது. பக்கத்து வேங்கை மரத்தில குடியிரு."

வைத்தியருக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அது அவள் தலையை மூடிக் கீழேயும் தொங்கியது.

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலை வேங்கையில் உட்கார்ந்திருந்த செங்கொண்டையின் காதில் அது விழுந்தது. 'கிட்டிக் கிர்ர், கிட்டிக் கிர்ர்.' கட்டை வண்டு இல்லை. கரையான் இல்லை. பிறந்தது முதல் கேட்டிராத சத்தம். எங்கிருந்து வருகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சான்றிதழுக்குள்ளிருந்து வந்தது.  எதைத் தேடி ஏழு மலை தாண்டினாளோ, அதைத் தன் காலடியிலேயே வைத்து அவளேதான் சுமந்து வந்திருக்கிறாள்.

கரடியாரிடம் ஓடினாள். "தலைவரே, பெரிய மரத்தில பூச்சி இறங்கிடுச்சு!"

"சான்றிதழ்ல இல்லியே."

"சான்றிதழ்லதான் தலைவரே இருக்கு!"

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. சான்றிதழக் கொத்த அனுமதி வேணும்னு மஞ்சுமலைக்கு எழுதிப் போடு."

மஞ்சுமலையிலிருந்து பதில் வர மூன்று பருவம் ஆகும். புளியங்காட்டுக்கு ஒரே பருவம்தான் ஆனது. செங்கொண்டை கிழட்டு அணிலின் முகத்தை நினைத்துக்கொண்டாள். பிறகு எதையும் நினைக்கவில்லை. பறந்து போய்ச் சான்றிதழின் மேல் உட்கார்ந்து, முத்திரையின் நட்டநடுவில் ஓங்கி ஒரு போடு போட்டாள். பட்டை பிளந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று புழுக்கள். பெரியதாக இருந்த ஒன்று தலையைத் தூக்கி வணக்கம் சொன்னது.

"எந்த ஊரு நீங்க?" என்று கேட்டாள் செங்கொண்டை.

"மஞ்சுமலைங்க. எங்கம்மா ஒரு பருவம் பூரா வலைக்கு வெளியே உக்காந்து இலுப்ப வாசம் பிடிச்சே உசுர விட்டுச்சுங்க. போறப்ப சொல்லுச்சு, 'வலைக்குள்ள நம்மால போக முடியாது பிள்ளைங்களா. ஆபீஸ் பட்டையில முட்டை வைக்கறேன். அத எந்த ஊர்லயும் எவனும் நிறுத்த மாட்டான், எவனும் தட்டிப் பாக்க மாட்டான்'னு."

"உங்கம்மா புத்திசாலி," என்று மனதாரச் சொல்லிவிட்டு, அவனைத் தின்றாள். பிறகு மற்றவர்களையும் தின்றாள். மரத்துக்குள் இறங்கியிருந்த நாலைந்து பேரைத் துளை போட்டு எடுத்துத் தின்றாள். இன்னும் சில புழுக்கள் ஆழத்தில் இருந்தன. அதற்குள் கரடியாரின் காவலர்கள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விசாரணை அதே மரத்தடியில் நடந்தது. அரசுச் சான்றிதழைச் சேதப்படுத்தியது ஒரு குற்றம். காவல் மரத்தில் துளை போட்டது இன்னொரு குற்றம்.

"பூச்சி இருந்துச்சு தலைவரே."

"எங்க? காட்டு."

செங்கொண்டை தலை குனிந்தாள். "தின்னுட்டேன்."

கூட்டம் சிரித்தது. கரடியார் சிரிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே கோபம். "சான்றிதழ் சொல்லுது பூச்சி இல்லைன்னு. நீ சொல்ற பூச்சியக் கண்ணால பாத்தவன் ஒருத்தன் இல்ல. ஆனா மரத்தில ஓட்டை இருக்கு, ஓட்டை போட்டவ நிக்கறா. இந்த மரத்துக்கு வந்த ஒரே பூச்சி நீதான்டி!"

அந்த வார்த்தை அவளுக்குச் சுரீரென்றது. அம்மா காலத்திலிருந்து இந்த மரத்துக்கு உழைத்த உழைப்புக்கு இதுவா என்று கண் கலங்கிவிட்டது. அப்போது மரத்தின் ஆழத்திலிருந்து மெல்லக் கேட்டது: 'கிட்டிக் கிர்ர்.' அவளைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. கூடவே முள்ளாண்டி சொன்ன சொல்லும் காதில் ஒலித்தது. பட்டியல்ல பேர் இருக்கிறவனுக்குத்தான் மரியாதை.

செங்கொண்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறக்கையைக் கூப்பினாள்.

"தலைவரே, நீங்க சொன்னது சத்தியம். அத எழுத்தில குடுங்க."

"எத?"

"நான் பூச்சின்னு. பட்டியல்ல ஏத்துங்க. இல்லைன்னா நாளைக்கு மஞ்சுமலைக்காரங்க, இவ்ளோ பெரிய திட்டம் போட்டீங்களே, ஒரு பூச்சியாவது கண்டுபிடிச்சீங்களான்னு உங்களக் கேப்பாங்க."

அது கரடியாருக்குத் தோன்றவே இல்லை. முகம் மலர்ந்தது. பட்டையைக் கொண்டு வரச் சொன்னார், இந்த முறை காய்ந்த பட்டை, பச்சைப் பட்டைக்கு நேரமில்லை. 'இலுப்பை மரத்தைத் தாக்கும் பூச்சிகள்: ஒன்று, மரங்கொத்தி (செங்கொண்டை)' என்று எழுதி, தன் உள்ளங்காலை மையில் தோய்த்து முத்திரையும் குத்தினார். திட்டம் மகத்தான வெற்றி என்று அறிவித்தார். மறுபடி மேளம்.

மேளம் ஓய்வதற்குள் செங்கொண்டை அந்தப் பட்டையைக் கவ்விக்கொண்டு பெரிய மரத்தின் மேல் போய் உட்கார்ந்து, டொக் டொக் என்று ஆரம்பித்துவிட்டாள். காவலர்கள் தடியோடு ஓடி வந்தார்கள். அவள் பட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"பதினாலாம் விதி, மூணாவது வரி. சத்தமா வாசிங்க."

விதிப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்கள். பட்டியலில் உள்ள பூச்சியைத் தொடவிடாமல் எவரும் தடுக்கக் கூடாது. காவலர்கள் கரடியாரைப் பார்த்தார்கள். கரடியார் தன் காலில் இருந்த மையைப் பார்த்தார். பிறகு எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, ஒரு நோட்டை எடுத்து, பூச்சி என்ன செய்கிறது என்று கவனித்துக் குறிக்க ஆரம்பித்தார்கள். விதி அதைத்தான் சொன்னது.

செங்கொண்டை ஆறு நாளில் மரத்தைச் சுத்தம் செய்து முடித்தாள். ஏழாம் நாள் தட்டிவிட்டுக் காதை வைத்தபோது உள்ளே சாறு ஏறும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பழைய பொந்துக்கே குடி திரும்பினாள். பங்குனியில் மரம் பூத்துக் கொட்டியது. கரடியார் அடியில் மல்லாந்து கிடந்து, வாய் நிறையப் பூவோடு, இத்தனைக்கும் காரணம் அந்தச் சான்றிதழ்தான் என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிளந்த பாதி இன்னும் அங்கேயேதான் தொங்கியது. மேலே பொந்திலிருந்து பட்டியலில் ஏறிய பூச்சி தலையை நீட்டியது. அதற்குக் காலைத் தட்டுக்கு நேரமாகியிருந்தது.

நீதி: வைத்தியராக நுழைய அனுமதி கேட்டால் மூன்று பருவம் ஆகும். பூச்சி என்று பதிவு செய்துகொள். அன்றைக்கே உள்ளே விடுவார்கள், மேளமும் அடிப்பார்கள்.